ஸ்கூட்டர் சாவியும் இடது காதும்

எங்கள் சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் சாவியை நினைத்தால் இன்றும் எனக்குக் காபி இறங்காது. பெங்களூர் பீன்யாவில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் அவருக்குக் கீழே ஒன்பது வருடம் இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மனிதர் சாவியை இடது காதுக்குள் விட்டுக் கண் சொருகத் திருகுவார். ஒட்டிக்கொண்டு வரும் மஞ்சள் பிசினை வெளிச்சத்தில் பிடித்து ரசித்துவிட்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரின் ஓரத்தில் தடவுவார். அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டியவன் நான்.

நாளாக நாளாக அவருக்கு அந்தக் காது மந்தமாயிற்று. கேட்காததற்கெல்லாம், சரி ஆச்சு என்பதாகக் கன்னடத்தில் "ஆயித்து, ஆயித்து" என்று தலையாட்டிவிடுவார். விடுவேனா? இடது பக்கமாகப் போய் நின்று, தணிந்த குரலில், "சார், உங்க வண்டிய வித்துட்டேன்" என்பேன். "ஆயித்து, ஆயித்து." ஸ்டோர்ஸே குலுங்கும். கடைசியில், சொன்ன வேலையைக் காதில் வாங்குவதில்லை என்று நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

போன மாதம் மல்லேஸ்வரத்து வீட்டில், பேன்ட் போட ஒற்றைக் காலைத் தூக்கியவன் அப்படியே பீரோவில் போய் மோதினேன். இடது காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம் என்றது போன். ஒரு காதை நான் பொத்திக்கொள்ள, பின்னால் நின்று மனைவி கிசுகிசுப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காது பாஸ். இடதில் நிசப்தம்.

"ஏங்க, மூணு தடவ சொல்லிட்டேன். மாடி வீட்டு ஆன்ட்டியே பதில் சொல்லிடுவாங்க போலிருக்கு!"

அடுத்தது, கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்பது. எட்டு எண்ணுவதற்குள் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்திருந்தேன். மூளையில் கட்டிதான், சந்தேகமே இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குத் தோதான போட்டோவை நான் போனில் தேடிக்கொண்டிருக்க, மனைவி ஆட்டோ பிடித்தாள்.

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள என்ன சார் போடுவீங்க?"

"ஒண்ணும் போடறதில்ல டாக்டர்."

"வண்டிச் சாவி, டாக்டர்" என்று மனைவி போட்டுக்கொடுத்தாள். "சிக்னல்ல நின்னா போதும், இதே வேல."

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். ஊறிப்போன புளி உருண்டை போல ஒன்று, நடுவே இரண்டு முடியோடு, கிண்ணத்தில் வந்து விழுந்தது.

"குடைஞ்சு குடைஞ்சு உள்ள தள்ளியிருக்கீங்க. தடுமாறினதும் இதாலதான். செவிப்பறைக்கு ஒண்ணும் ஆகல, தைரியமா போங்க."

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடுவது அப்போதுதான் கேட்டது. மனைவி சிரித்தாள். நானும் ஒரு ஜோக் அடிக்கப் பார்த்தேன், வரவில்லை. கண் அந்தக் கிண்ணத்தை விட்டு நகர மறுத்தது. சூப்பர்வைசரின் காதிலும் இது மட்டும்தான் இருந்திருக்குமோ? பத்து நிமிஷ வேலை. ஒன்பது வருடத்தில், "ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்று அந்தக் காதில் நான் உரக்கச் சொன்னதேயில்லை. சொன்னதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னேன்.