ஏழு கோரிக்கைகளும் ஒரு பூட்டும்

பழைய சாமான் சேகரிக்கும் வேலையில் முதல் பாடம் இது: உடைந்துபோன பொருளை மனிதன் குப்பையில் போட மாட்டான், ஓர் ஏழை வரும்வரை பத்திரமாக வைத்திருப்பான். வீடில்லாமல் திண்டாடிய குடும்பங்களுக்கு மறுபடி ஒரு வீடு கிடைக்கும்போது, பிறர் பயன்படுத்திய சாமான்களைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, முதுகுவலி உண்டு. இதே வேலையில் இருக்கும் நீங்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

பள்ளிக்கூடம் எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நான் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குள் கைமாறி வந்த துண்டுப் பிரசுரங்கள் சொல்லிக்கொடுத்தவை. பிறகு நாற்பது வருடம் நானே அவற்றை எழுதினேன். தோட்டத் தொழிலாளர் சங்கம் வளர்ந்ததும் கோட்டுப் போட்டவர்கள் மேடை ஏறினார்கள், என்னை நாற்காலி தூக்கச் சொன்னார்கள். அந்தப் பயிற்சி இன்று உதவுகிறது.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் தம்போயில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் ஒரு பட்டறையின் பின்பக்கத்தை அதன் சீன முதலாளி, நாங்கள் சொல்கிற தவுக்கே, எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். லோரி, என்னோடு சாமான் ஏற்றி இறக்கும் அந்தோணியுடையது. அவர் என்னைத் தலைவரே என்று கூப்பிடுகிறார். மரியாதையா கேலியா என்று நான் இதுவரை விசாரித்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்குள்

செல்வி பத்து பாகாட் நகரில் ஒரு துணி ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவர். ஆலை மூடியது, கணவரும் போய்ச் சேர்ந்தார், வாடகை வீடு கைவிட்டுப் போனது. ஜொகூர் பாரு பஸ் நிலையத்தில் இரண்டு மகள்களோடு மூன்று மாதம் இருந்தார். பிறகு சமூகநல இலாகாவினர் பிள்ளைகளை ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். இப்போது தம்போயில் மூன்றாவது மாடியில் ஒரு மலிவு விலை பிளாட் கிடைத்திருக்கிறது, உள்ளே நான்கு சுவர் மட்டும். வெள்ளிக்கிழமை காலை சமூகநல அதிகாரி வந்து பார்ப்பார். கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி, படிக்க ஒரு மேசை எல்லாம் இருந்தால் பிள்ளைகள் அன்றே அம்மாவிடம் வந்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. இது எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை.

அன்று மத்தியானமே நோட்டீஸ் எழுதினேன். தலைப்பு: எங்கள் கோரிக்கைகள். கீழே ஏழு அம்சம். கடைசியில், வெள்ளிக்கிழமைக்குள் இவை நிறைவேறாவிட்டால் விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதி முடித்தேன். பழக்கதோஷம். கை தானாக எழுதிவிடுகிறது. பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு தபால் பெட்டியில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறை வாசலில் ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் வந்து நின்றார், கையில் என் நோட்டீஸ். எங்கே மறியல், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். வெகுகாலம் கழித்து என் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். உட்காரவைத்து செல்வியின் கதையைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நோட்டீஸை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தார்.

"ஐயா, கேக்குறத கொஞ்சம் மிரட்டாம கேளுங்க. எங்க வீட்ல ஒரு கேஸ் அடுப்பு சும்மாதான் கெடக்கு."

நல்ல வெளிச்சம்

ஐஸ்பெட்டி தருவதாகக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. பளபளவென்று துடைத்து, மேலே ஒரு லேஸ் துணி விரித்து வைத்திருந்தார். நானும் அந்தோணியும் அதை லோரியில் ஏற்றி, கயிறு கட்டி முடித்த பிறகு, ஆசிரியை போகிற போக்கில் சொல்வதுபோல், போன வருடத்திலிருந்து அது குளிர்வதில்லை என்றார்.

எனக்கு நாற்பது வருடக் கோபமும் ஒரேயடியாக வந்தது. நடுரோட்டில் நின்று, ஏழைக்கு எது போதும் என்று முடிவு செய்கிறவர்களைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். எதிர்வீட்டுக்காரர்கூட வெளியே வந்து கேட்டார். ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார், வகுப்பில் வம்பு பேசும் பையன் ஓயட்டும் என்று காத்திருப்பதுபோல. அந்த ஐஸ்பெட்டிக்கு அந்தோணியின் மச்சான் கேஸ் நிரப்பி உயிர் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் நான் பேசி முடித்ததும் அந்த அம்மாள் நிதானமாகப் பதில் சொன்னார்.

"குளிராதுதான் சார். ஆனா கதவத் தெறந்தா லைட்டு நல்லா எரியும்."

ஜனநாயகம்

புதன்கிழமை இரண்டு இடத்திலிருந்து மெத்தை வந்தது. இரண்டு அடுக்குக் கட்டிலுக்கு இரண்டு மெத்தை வேண்டும், வந்ததோ நான்கு. எந்த இரண்டு என்று சாமான் வாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கொள்கை. கொடுப்பதை வாங்கிக்கொள் என்பது தோட்ட முதலாளியின் பேச்சு. ஆகவே பட்டறை வாசலில் லோரிக்குப் பக்கத்திலேயே கூட்டம் கூட்டினேன். செல்வி, அந்தோணி, நான். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். செல்வி எதுவானாலும் சரி என்றார். அப்படிச் சொல்லக்கூடாது, அது உங்கள் உரிமை என்று விளக்கத் தொடங்கினேன்.

விளக்கம் நடுவில் இருக்கும்போது மழை கொட்டியது. தம்போயில் மாலை நாலு மணிக்கு மழை வரும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். திறந்த லோரியில் நான்கு மெத்தையும் ஊறின. "அலமாக்" என்று தலையில் கைவைத்த தவுக்கே, சாயம் காயவைக்கும் சூட்டு அறையிலிருந்து ஒரு காரை வெளியே தள்ளிவிட்டு மெத்தைகளை உள்ளே நிறுத்தினார். வியாழக்கிழமை இரண்டு காய்ந்து வெளியே வந்தன, புதுக்கார் வாசனையோடு. அதுவரை என்னோடு பேசாமலிருந்த அந்தோணி, மூன்றாவது மாடியில் மெத்தையை இறக்கிவைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தலைவரே, அடுத்த கூட்டத்த கூரைக்குக் கீழ வைங்க. மழைக்கு ஓட்டு இல்ல லா."

எட்டாவது கோரிக்கை

வியாழக்கிழமை மாலைக்குள் ஏழு அம்சமும் நிறைவேறின. என் வாழ்க்கையில் எந்தக் கோரிக்கைப் பட்டியலும் அப்படி முழுசாக நிறைவேறியதில்லை. அந்தத் திமிரில் செல்வியிடம், இன்னும் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். அவர் ஐஸ்பெட்டியைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. வாசல் கம்பிக்கதவைப் பார்த்தார். ஒரு பூட்டு இருந்தால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். பஸ் நிலையத்தில் மூன்று மாதமும் பையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாராம்.

பட்டறையில் தேடினேன். ஒரு டின் நிறையப் பூட்டுகள், ஒன்றுக்கும் சாவி இல்லை. நம் மக்கள் பூட்டைத் தானம் செய்வார்கள், சாவியைச் செய்ய மாட்டார்கள். காலையில் கடை திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்தோணி என்னையே பார்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

லாபிஸ் பக்கம் ஒரு தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, பெரிய கேட்டுக்கு நாங்கள் எங்கள் பூட்டைப் போட்டோம். பதினொரு நாள் ஒரு லோரியும் உள்ளே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் சங்கிலியை அறுத்தார்கள். வீடுகள் போயின, பூட்டு மட்டும் என்னிடம் மிஞ்சியது. பித்தளை. மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவேன். வீட்டுக்கு வருகிறவர் யாரும் அதன் வரலாற்றைக் கேட்காமல் வெளியே போனதில்லை. ஊரார் வீட்டில் நல்ல பொருளாகக் கேட்டு வாங்கிய நான், இத்தனை வருடத்தில் என் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூடக் கொண்டுவந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒங்க ஷோகேஸ்ல ஒண்ணு தொங்குதே தலைவரே. சாவியோட."

ஒப்படைப்பு

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அடுப்பைப் பற்றவைத்தார், ஐஸ்பெட்டியைத் திறந்தார், மெத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு, புதிதா என்று கேட்டார். அந்தோணி போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். மத்தியானம் பிள்ளைகள் இருவரும் துணிப்பையோடு படியேறி வந்தார்கள். சின்னவள் மேல்தட்டுக் கட்டிலில் ஏறியவள் இறங்கவே இல்லை. பெரியவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் எழுந்து நின்று பூட்டை எடுத்தேன். ஒரு சிறு உரை தயாராக வைத்திருந்தேன். கேட், பதினொரு நாள், அறுந்த சங்கிலி எல்லாம் சொன்னேன். செல்வி குறுக்கே பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"கத நல்லாருக்கு ஐயா. சாவி ரெண்டு இருக்கா? பெரியவ எனக்கு முன்னாடி ஸ்கூல் விட்டு வந்துருவா."

இரண்டு சாவியும் கொடுத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் நான் முழுசாக ஜெயித்த போராட்டம் இது ஒன்றுதான், இதற்குப் போய் ஒரு வெற்றி நோட்டீஸ் அடிக்காமல் விட்டுவிட்டேன்.