வெயிலுக்கும் ஒன்பது, பாராட்டுக்கும் ஒன்பது

ஞானகுமாரி மனிதர்களைப் பாராட்டத் தொடங்கியது 1987 ஜூன் மாதத்தில். அதற்கு முன் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குத் தெற்கே, மழை வந்தால் தெருவும் வாசலும் ஒன்றாகிவிடும் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தாள். கணவர் பாஸ்கல் அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். அவள் நகரத்தில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் உளவியல் விரிவுரையாளர். அந்தத் துறையில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் பெரும்பாலும் பிரசவ விடுப்பில் இருந்தார். சொந்தக்காரர்களிடம் உளவியல் என்று சொன்னால், "ஓ, கீழ்ப்பாக்கத்துல வேலையா?" என்பார்கள், அங்கிருந்த மனநல மருத்துவமனையை நினைத்து. முதல் சில வருஷம் விளக்கம் சொன்னாள். பிறகு, ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

முனைவர் பட்டம் வாங்கினால்தான் மேலே போக முடியும் என்று கல்லூரியில் சொன்னதால், பகுதி நேர மாணவியாகப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கலியமூர்த்தியிடம் சேர்ந்தாள். கலியமூர்த்தி பெரிய பெயர். 1978இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இரண்டு பாடப்புத்தகங்களில் ஏறியிருந்தது. ஒருவரை முதலில் நாலு வார்த்தை பாராட்டிவிட்டு, பிறகு இருபது சொற்களைப் படித்துக் காட்டினால், பாராட்டப்படாதவரைவிட அதிகச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்வார். இதற்குப் 'பாராட்டு விளைவு' என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூபர்வைசர்களுக்கு இதையும் சேர்த்து அவர் வகுப்பெடுப்பதுண்டு. படம் காட்டுவார், மதியச் சாப்பாடும் உண்டு. ஆனால் அவர் யாரையாவது பாராட்டி அந்தத் துறையில் ஒருவரும் கேட்டதில்லை. ஆராய்ச்சிக்காகக் கண்டுபிடித்ததை அவர் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"என் ஆய்வுல இருந்தவங்க காலேஜ் பசங்க. நீ குடும்பப் பெண்கள்கிட்ட செஞ்சு காட்டு. ஆளை மட்டும் மாத்து, மத்தது தானா வரும்" என்றார்.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்காரர்களின் குடியிருப்பை அவள் தேர்ந்தெடுத்தாள். பக்கம், பஸ் உண்டு, திருநெல்வேலியிலிருந்து தர்மபுரி வரை எல்லா ஊர்க்காரர்களும் அங்கே இருந்தார்கள். பாதிப் பெண்களிடம், "நீங்க ரொம்பக் கவனமா கேக்கறீங்க. உங்களை மாதிரி ஆளைப் பாக்கறது அபூர்வம்" என்று சொல்ல வேண்டும். மீதிப் பாதியிடம், "இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்ல வேண்டும். பிறகு குடம், சாவி, மேகம் என்று இருபது சொற்களைப் படித்து, சற்று நேரம் வேறு பேசிவிட்டு, எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பாராட்டுவது இவ்வளவு சிரமமான வேலை என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு ஃபிட்டரின் மனைவி தாயம்மாள். வடசென்னையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பாராட்டைக் கேட்டதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "இன்னாத்துக்குமே இப்ப என்னை இவ்ளோ தூக்கிப் பேசுற? சீட்டு எதனா புடிக்கிறியா? எங்கூட்டுக்காரருக்கு அதெல்லாம் புடிக்காது."

"இல்லைங்க, இது ஒரு ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா கேள்வி கேளு. எதுக்கு ஐஸ் வெக்கிற?"

இன்னொரு வீட்டில் ஞானகுமாரியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நாங்க வாராவாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க. எங்களை மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். மதம் மாற்ற வரவில்லை, மனப்பாடம் பற்றித்தான் கேட்க வந்தேன் என்றாள். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

வெயில் என்று சொன்ன வீடுகளில் எந்தத் தொல்லையும் இல்லை. "ஆமாங்க, தண்ணி லாரி வந்து நாலு நாளாச்சு" என்று உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள்.

முதல் முப்பது பேர் முடிந்தபோது, பாராட்டப்பட்டவர்கள் நன்றாகவே முன்னால் இருந்தார்கள். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு வருஷத்தில் பட்டம் என்று பாஸ்கலிடம் சொல்லிவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல என்னை ஒருவாட்டி பாராட்டிப் பாத்திருக்கலாமே" என்றார் பாஸ்கல்.

"நீங்க சாம்பிள்ல வர மாட்டீங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் தன்னையே கவனிக்க நேர்ந்தது. பாராட்டு வாங்கிய ஒரு பெண் பத்தாவது சொல்லில் தடுமாறி, "அப்புறம்... அப்புறம்..." என்று கூரையைப் பார்த்தாள். ஞானகுமாரி பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். தலையைக்கூட லேசாக ஆட்டினாள். அந்தப் பெண் "சாவி!" என்றாள். அடுத்த வீட்டில், வெயிலை மட்டும் கேட்ட பெண் அதே மாதிரித் தடுமாறினாள். ஞானகுமாரி, "சரி பரவாயில்லைங்க, போதும்" என்று நோட்டை மூடினாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அவள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கை, தலை, கடிகாரம் எல்லாமே அதற்கு ஏற்ப நடந்துகொண்டன. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். மூன்றாம் நாள், அதுவரை பார்த்த நாற்பது பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

பிறகு முறையை மாற்றினாள். குடியிருப்பின் மகளிர் மன்றத்தில் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கினாள். ஒன்றில் ஞானகுமாரி பாராட்டுவாள் அல்லது வெயிலைப் பற்றிப் பேசுவாள். அடுத்த அறையில் சுசீலா உட்கார்ந்து சொற்களைப் படித்து, எத்தனை ஞாபகம் என்று எழுதிக்கொள்வாள். சுசீலா பக்கத்துத் தெருக்காரி. தட்டச்சு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். வருகிற பெண் பாராட்டு வாங்கிக்கொண்டு வருகிறாளா, வெயில் வாங்கிக்கொண்டு வருகிறாளா என்று அவளுக்குத் தெரியாது.

"தெரிஞ்சாதானே அக்கா நல்லா எழுத முடியும்?" என்றாள் சுசீலா.

"தெரியாம இருக்கறதுதான் உன் வேலையே" என்றாள் ஞானகுமாரி.

ஒன்றரை வருஷத்தில் இருநூறு பெண்கள் வந்து போனார்கள். கூட்டிப் பார்த்தபோது, பாராட்டப்பட்டவர்களுக்குச் சராசரியாக ஒன்பது சொல் ஞாபகம் இருந்தது. வெயிலைக் கேட்டவர்களுக்கும் ஒன்பது சொல் ஞாபகம் இருந்தது.

கலியமூர்த்தி தாளை இரண்டு தரம் புரட்டினார். தப்பான முகவரிக்கு வந்த பார்சலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சிரிச்சிக்கிட்டே பாராட்டினியா?"

"ஆமா சார்."

"நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கறவங்களை எடுத்துட்டுப் பாரு."

"எதுக்கு சார்?"

"வயசானவங்க பாராட்டை நம்ப மாட்டாங்க."

எடுத்துப் பார்த்தாள். ஒன்பதும் ஒன்பதும்தான். பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களை எடுக்கச் சொன்னார். பிறகு தர்மபுரிக்காரர்களை எடுக்கச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. அப்புறம், "இன்னும் ஐம்பது பேர் சேர்த்துக்கோ. வர்ற வரைக்கும் சேர்த்துக்கிட்டே இரு. வந்ததும் நிறுத்திடு" என்றார்.

"வந்ததும் நிறுத்தினா, என்னைக்காவது ஒருநாள் வரத்தானே சார் செய்யும்?"

"அதைத்தானே சொல்றேன்" என்றார் கலியமூர்த்தி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு வழிகாட்டியவரும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆராய்ச்சி என்பது, விடாமல் தட்டினால் திறக்கும் கதவு என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவள் மாட்டேன் என்றாள். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. நடுவில் துறைக் கருத்தரங்கம் ஒன்றில் அவளைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும், முன்வரிசையிலிருந்த ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். "கிணறு வெட்டினோம், தண்ணி வரலை. அதைக் கிணறுன்னு சொல்லி எப்படிம்மா பட்டம் கேக்கறது?"

"கிணறுன்னு சொல்லலை சார். இந்த இடத்துல தண்ணி இல்லைன்னு சொல்றேன். அடுத்து வர்றவர் இங்கேயே வெட்ட வேண்டாமே."

"அதுக்கெல்லாம் யாரும் பட்டம் தர மாட்டாங்க."

அது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்தாக இருந்தது. டீ வந்ததால் விவாதம் அத்துடன் முடிந்தது.

அன்று வீடு திரும்பும்போது, மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள். எதிரே இருந்த அம்மாள் கண்ணில் தூசியா என்று விசாரித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டாள். பதிவை ரத்து செய்துவிடலாமா என்று பாஸ்கலிடம் கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "ரத்து பண்ணிட்டா ஒன்பதும் ஒன்பதும் மாறிடுமா?" என்று கேட்டார். மாறாது என்றாள். "அப்புறம் எதுக்கு?" என்றார்.

கடைசியில் 1991இல் கலியமூர்த்தி கையெழுத்துப் போட்டார். அவள் பதிவுக் காலம் முடியப்போகிறது, அவரும் ஓய்வு பெறப்போகிறார். முடிக்காத மாணவி ஒருத்தி அவர் பெயரில் நின்றால் நன்றாக இருக்காது. தேர்வாளர்களே திருப்பி அனுப்பிவிட்டால் பழி தன் மேல் விழாது என்றும் நினைத்திருக்கலாம். அவர் கொடுத்த பெயர்களில் மதுரைப் பக்கத்துப் பேராசிரியை ஜெகதாம்பாள் ஒருவர். முந்தைய வருஷம் மூன்று பேருடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியவர் என்பதுதான் அவருக்கிருந்த புகழ். பல்கலைக்கழகம் அவரையே தேர்ந்தெடுத்தது.

வாய்மொழித் தேர்வு அன்று அறையில் முப்பது பேர் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. முடிந்ததும் சமோசா உண்டு என்பது வழக்கம். ஞானகுமாரி ஸ்டார்ச் போட்ட காட்டன் புடவையில், மூச்சைக்கூட மடிப்புக் கலையாமல் விட்டபடி நின்றாள்.

ஜெகதாம்பாள் ஆய்வேட்டைத் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொல் படிச்ச பொண்ணுக்கு யார் பாராட்டு வாங்கினதுன்னு தெரியாது?"

"தெரியாதுங்க மேடம்."

"முதல் நாற்பது பேரை ஏன் எடுத்தீங்க?"

ஞானகுமாரி நடந்ததைச் சொன்னாள். தலையாட்டியதையும், நோட்டை மூடியதையும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை.

"எண்பத்து ரெண்டுல இதே ஆய்வை நான் செஞ்சேன்" என்றார். "நெசவுக்காரங்ககிட்ட. எனக்கும் வரலை. சரியா பாராட்டத் தெரியலை, சுபாவமே கடுமைன்னு நினைச்சுக்கிட்டேன். தாளைக் கட்டிப் பீரோவுல போட்டுட்டேன்."

பிறகு மூன்றாம் வரிசையில் ஓர் இளைஞர் எழுந்தார். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் விரிவுரையாளர், பெயர் உத்தமன். வேறு வேலையாகச் சென்னை வந்தவர், சமோசாவை உத்தேசித்து உள்ளே வந்திருந்தார்.

"மேடம், நான் எம்.ஃபில்லுக்கு இதைத்தான் எடுத்தேன். வரலை. கைடு தலைப்பை மாத்தச் சொல்லிட்டாங்க. எனக்குத்தான் புள்ளியியல் தெரியலைன்னு நினைச்சேன்."

இரண்டு பேர், இரண்டு ஊரில், ஆளுக்கொரு குறையைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கலியமூர்த்தி எழுந்தார். "எனக்கு வந்துச்சு. நான் எதையும் இட்டுக்கட்டலை."

"வந்திருக்கும் சார்" என்றார் ஜெகதாம்பாள். "யார்கிட்ட செஞ்சீங்க?"

"என் மாணவர்கள். இருபத்துநாலு பேர்."

"பாராட்டினது?"

"நான்தான்."

"அவங்களுக்கு இன்டர்னல் மார்க் போட்டது?"

கலியமூர்த்தி, "நான்தான்" என்றார். பிறகு, "அதைக் கட்டுரையில எழுதணும்னு தோணலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டம் வழங்கலாம் என்று ஜெகதாம்பாள் அறிவித்தார். கிணறு பற்றிக் கேட்ட மூத்த பேராசிரியர் முதல் ஆளாக வந்து வாழ்த்தினார். கலியமூர்த்தி சமோசா சாப்பிடாமல் போய்விட்டார். ஞானகுமாரிக்கு அது வருத்தமாக இருந்தது. ஒரு பொட்டலம் கட்டி மறுநாள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் வாங்கிக்கொண்டார், காப்பி கொடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். ஓய்வு பெற்ற பிறகும் சூபர்வைசர்களுக்கு வகுப்பெடுத்தார். பாராட்டு விளைவுப் படத்தை மட்டும் எடுத்துவிட்டதாகக் கேள்வி. வகுப்பு பத்து நிமிஷம் சுருங்கியதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ஞானகுமாரி, ஜெகதாம்பாள், உத்தமன் மூவரும் தங்கள் கணக்கை ஒன்றாகச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் இதழ், 'புதிதாக எதுவும் கண்டறியப்படவில்லை' என்று திருப்பியது. இரண்டாவது இதழ், 'ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உண்மைக்கு முரணாக உள்ளது' என்று திருப்பியது. மூன்றாவது இதழ் 1994இல் போட்டது. அதற்குக் கட்டுரைப் பஞ்சம் இருந்தது. பாடப்புத்தகங்களில் பாராட்டு விளைவு அப்படியே இருந்தது. ஞானகுமாரி வகுப்பில் அந்தப் பக்கத்தை நடத்திவிட்டு, அது ஏன் தவறு என்றும் நடத்தினாள். பரீட்சைக்கு எதை எழுதுவது என்று பெண்கள் கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள், மற்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

1996இல் அவள் புது வேலை ஒன்றைத் தொடங்கினாள். ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கா, உட்கார்ந்து போகிறவர்களுக்கா, யாருக்கு அதிகம் ஞாபகம் இருக்கும் என்பது கேள்வி. சீசன் டிக்கெட்காரர்கள் பொழுதுபோகாமல் இருந்ததால் மறுக்காமல் ஒத்துழைத்தார்கள். நின்றவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அவளுக்குத் தூக்கம் போயிற்று. மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான் வந்தது.

"வந்துடுச்சு இல்ல, அப்புறம் ஏன் மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு கீற?" என்றார் பாஸ்கல்.

"வந்ததுதான் பிரச்சினை" என்றாள்.

காட்பாடி பாசஞ்சரில் அதையே செய்து பார்க்கும்படி உத்தமனுக்கு எழுதினாள். என்ன வந்தது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் முடிக்கும்வரை அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, ஆவடி லோக்கலில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போய்வந்தாள்.