இந்த வாரம் என்ன கேட்கலாம், மிஸ் தியோலா?

நியூ ஆர்லியன்ஸின் டிரெமே பகுதியில் பாதிப் பேருக்குத் தியோலா டூப்ரே பேருந்து ஓட்டுபவள். மீதிப் பேருக்கு அவள் வெறும் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வந்து, அடுப்பில் கோழியைப் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகினால், தொண்டையில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி அந்தக் குரல் வரும்.

அது சம்பளமில்லாத வேலை. ஊர்க்காரர்களே நடத்தும் சின்ன ரேடியோ நிலையம் அது. ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியில் இருந்தது. வரப்போகும் வாரத்தில் எந்த நிலையத்தில், எந்தப் பொழுதில், என்ன ஜாஸ் வருகிறது என்று சொல்வதுதான் தியோலாவின் நிகழ்ச்சி. சும்மா சொல்ல மாட்டாள். "வியாழக்கிழமை காலேஜ் ரேடியோவுல பியானோ இருக்கு, கேளுங்க. நடுவுல வாசிக்கிற பையன் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போய்ப் பாத்திரம் கழுவுங்க. வாசிக்க ஆரம்பிச்சதும் வந்துருங்க" என்பாள். அந்தப் பையனே மறுநாள் அவள் பேருந்தில் ஏறி, இனிமேல் குறைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சலூன்காரர்களும் சமையற்காரர்களும் அவள் பேச்சைக் கேட்டுத்தான் வாரத்தைத் திட்டம் போட்டார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும் "இந்த வாரம் என்ன கேட்கலாம், மிஸ் தியோலா?" என்பதுதான் விசாரிப்பு.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், நிலையப் பொறுப்பாளர் வென்டல் அவளை வாசலிலேயே மடக்கினார். வெள்ளிக்கிழமை மாலை நிலையத்திலிருந்து நேரடியாகக் கச்சேரி ஒலிபரப்பப் போகிறார்கள், வாசிக்கப்போகிறவரே இன்று அவள் நிகழ்ச்சிக்கு வந்து அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்றார். யார் என்று கேட்டாள். வென்டல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே "லூசியன்" என்றார்.

லூசியன் கிளாரினெட் வாசிப்பவன். ஒரு காலத்தில் தியோலாவின் கணவன். அவன் ஊதினால் தெருநாய் கூட உட்கார்ந்து கேட்கும் என்பார்கள். குடித்தால் அதே தெருநாய் எழுந்து போய்விடும். தியோலாவின் அம்மா இறந்தபோது, பாண்டு வாத்தியத்தோடு போன சவ ஊர்வலத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் ஊர் பார்க்க விழுந்தான். அன்று சாயங்காலமே அவனுடைய துணிமணிகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தியோலா கதவைச் சாத்தினாள். அப்புறம் குடியை விட்டுவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். வழியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் நிகழ்ச்சி தொடங்க நேரமாகிவிட்டது. லூசியனும் படியேறி வந்துவிட்டான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கிளாரினெட் பெட்டி. அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. தியோலா வழக்கம்போல் திங்கள், செவ்வாய் என்று சொல்லிக்கொண்டே வந்து, வெள்ளிக்கிழமையில் நிறுத்தி, விருந்தாளியை அறிமுகப்படுத்தினாள். பெயரை மட்டும் சொன்னாள். உறவு ஊருக்கே தெரிந்ததுதான்.

லூசியன் முதல் வாக்கியத்தை ஒழுங்காகச் சொன்னான். இரண்டாவதில் நாக்கு இடறியது.

"வெள்ளிக்கிழமை நாங்க... கரண்டி... நாலு பேரும் கரண்டி வாசிக்கிறோம்" என்றான். தவறு என்று அவனுக்கே தெரிந்தது. மறுபடி முயன்றான். வார்த்தைகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

தியோலாவுக்குக் காது மடல் சூடேறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வென்டல், கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிப்பது போலக் காட்டி, பேச்சை வெட்டு என்று கழுத்தில் கையை இழுத்தார். தொலைபேசி விளக்குகள் எல்லாம் மினுக்கின. அந்த ஆள் இன்னும் திருந்தவில்லையா என்று கேட்கத்தான் அத்தனை அழைப்புகளும் வந்தன என்று பிறகு தெரிந்தது. அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் செய்ததை இப்போது ஊர் முழுக்கக் கேட்க அவள் மேசையிலேயே வந்து செய்கிறான். எழுந்து வெளியே போ என்று மைக்கிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது.

கடைசி நொடியில் அதை மாற்றி, "பேச்செல்லாம் வேண்டாம். எடுத்து வாசி" என்றாள்.

அவன் கிளாரினெட்டை வாயில் வைத்தான். காற்றுதான் வந்தது, உதட்டோரத்திலிருந்து, டயரில் காற்று இறங்குவது போல. வலது கை துளைகளின் மேலிருந்து மெல்ல வழுக்கித் தொடையில் விழுந்தது. அவன் அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

தியோலா மேசையின் மேல் குனிந்து அவன் முகத்தருகே போனாள். சாராய நெடி இல்லை. சோப்பு வாசனையும் காப்பி வாசனையும்தான் இருந்தன. வலது கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. பேருந்து ஓட்டுநர்களுக்கு நடத்தும் வகுப்பில், பயணி ஒருவர் இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"லூசியன், என்னைப் பாத்துச் சிரி."

அவன் புரியாமல் விழித்தான்.

"சொன்னதைச் செய்யிய்யா. சிரி."

சிரித்தான். இடது பாதிதான் சிரித்தது. மற்ற பாதி அப்படியே தொங்கியது.

இவ்வளவும் ரேடியோவில் போய்க்கொண்டிருந்தது. கழுவுதொட்டி முன்னால் நின்ற பெண்களும் சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த ஆண்களும், அவள் ஏன் இவனைச் சிரிக்கச் சொல்கிறாள் என்று புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தியோலா கண்ணாடியைப் பார்த்து, "வென்டல், இவன் குடிக்கலை. மூளைக்கு ரத்தம் போகலை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றாள். வென்டலின் முகம் வெளுத்துவிட்டது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே கிளம்பியது. வழியில் மாட்டிக்கொண்டது. அன்று அந்தப் பகுதிச் சங்கம் ஒன்றின் ஆண்டு ஊர்வலம். இறகு விசிறியும் பட்டுத் தோள்பட்டியுமாகச் சங்கத்தார் முன்னால் ஆட, டியூபா என்ற பெரிய ஊதுகொம்பும் முரசும் நடுவில் முழங்க, பின்னால் தெரு கொள்ளாத கூட்டம். வண்டி அந்தக் கூட்டத்துக்கு மறுபக்கம் நிற்கிறது, சைரன் சத்தம் முரசில் அமுங்கிவிடுகிறது, சுற்றி வந்தால் வெகு நேரமாகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வென்டல் உள்ளே வந்து தியோலாவின் காதில் இதைச் சொன்னார்.

லூசியன் நாற்காலியிலிருந்து சரியத் தொடங்கியிருந்தான். அவனைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். தியோலா மைக்கைக் கம்பியோடு கீழே இழுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே மண்டியிட்டாள்.

"அர்லீன்" என்றாள். ஊர்வலப் பாதையில் மதுக்கடை வைத்திருப்பவள் அர்லீன். தியோலாவின் பள்ளித் தோழி. "அர்லீன், நீ கேட்டுக்கிட்டுத்தான் இருப்பே. உன் கடை வாசல்லதான் ஊர்வலம் போகுது. லூசியன் இங்க கிடக்கிறான். ஆம்புலன்ஸ் உங்களுக்கு அந்தப் பக்கம் நிக்குது. பாண்டை நிறுத்து. ஆளுங்களை நடைபாதையில ஏத்து. வேற யாரு கேட்டாலும் வாசலுக்கு வந்து இதையே கத்துங்க. நான் பாட்டு போடப் போறதில்ல. வழி கிடைக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

சொல்லிக்கொண்டே இருந்தாள். அதே வார்த்தைகள், அதே வரிசையில், பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி அழுத்தமாக. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் லூசியனின் உணர்வற்ற விரல்கள். சன்னல் திறந்திருந்தது. தூரத்தில் முரசு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லையோ என்று குரல் ஒருமுறை உடைந்தது. முழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

அங்கே நடந்ததை அர்லீன் பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள். ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய், டியூபாக்காரன் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாளாம். அவன் கோபத்தில் ஏதோ சொல்ல, "உன் அண்ணன் மாதிரி ஒருத்தன் சாகக் கிடக்கிறான்டா" என்றாளாம். அதற்குள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆட்கள் வந்து அதையே கத்தியிருக்கிறார்கள். விசிறியோடு முன்னால் ஆடிய சங்கத் தலைவர் சட்டென்று நின்று, விசிறியை மேலே தூக்கினார்.

மாடியில் தியோலாவுக்கு முரசு நின்றது கேட்டது. ஊர்வல நாளில் அந்த நேரத்தில் அப்படியொரு அமைதியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவளும் பேச்சை நிறுத்தினாள். ரேடியோவில் மூச்சுச் சத்தம் மட்டும் போனது. அப்புறம் சைரன் கேட்டது, முதலில் மெல்லிசாக, பிறகு சன்னலுக்கு அடியிலேயே.

சரியான நேரத்தில் கொண்டுவந்தார்கள் என்று மருத்துவர் சொன்னார். கொஞ்ச நாளில் லூசியனுக்குப் பேச்சு திரும்பியது, மெதுவாக, சொல்லுக்குச் சொல் நின்று. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் திரும்பவே இல்லை. அவை இல்லாமல் கிளாரினெட் இல்லை.

தியோலா மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"குடிச்சிருக்கேன்னு... நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நியாயம்தான். சிரின்னு... சொன்னியே. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு... இல்ல உனக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அழத் தொடங்கினான், தன் கையை நினைத்து. தியோலா போர்வையைச் சரிசெய்துவிட்டு, பார்வை நேரம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

குடிகாரன் என்று அன்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னவர்கள் கேக்கும் கம்போ என்கிற கெட்டிக் குழம்பும் நிலையத்துக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். இவர்கள் இருவரும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. அர்லீன் நேராகவே கேட்டாள்.

"உயிரைக் காப்பாத்தினா வீட்டுச் சாவியும் குடுத்துரணுமா?" என்றாள் தியோலா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. லூசியன் தன் தங்கை வீட்டு முன்னறைக்குக் குடிபோனான்.

வசந்த காலத்தில் வென்டல் அவனுக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் அரைமணி நேரம் கொடுத்தார். தான் கேட்டு வளர்ந்த பழைய கிளாரினெட் இசைத்தட்டுகளைப் போட்டு, இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். லூசியன் சொல்லத் தொடங்கி முடிப்பதற்குள் இன்னொரு பாட்டு போட்டுவிடலாம். ஆனாலும் ஆட்கள் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் தியோலா பேருந்தில் இருப்பாள். ஓட்டுநர் ரேடியோ வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைச் சலவையறையில் வேலைபார்க்கும் ஒரு பெண்மணி முன் இருக்கையில் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சின்ன ரேடியோ ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். பேருந்துக்குள் லூசியனின் குரல் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி தியோலாவைப் பார்த்தாள், சத்தத்தைக் குறைக்கட்டுமா என்பது போல.

தியோலா சாலையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் கூட்டி வைங்கம்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.