சிவப்புத் துணி காட்டியவன்

என் கையெழுத்து நண்டு ஓடிய மணல்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சகத்தாரே, எழுத்துப் பிழைகளைப் பொறுத்து, திருத்தி அச்சிடுங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம். எங்கள் வலை முதலாளி, சம்மாட்டி ஐயா, இறந்து ஒரு வருடமாகிறது. அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு மகன் நினைவுப் புத்தகம் ஒன்று அடிக்கிறார். ஐயாவின் கரைவலையில் இழுத்த பழைய ஆட்களிடம் நாலு வரி கேட்டுத் திரிகிறார். "அப்பா உங்களையெல்லாம் பிள்ளையளைப்போலப் பார்த்தவர், அதை எழுதுங்கோ அண்ணை" என்றார். எனக்கு முகத்துக்கு முன்னால் பேச வராது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல. நிலாவெளிக் கரையின் மணல்மேட்டில் சிவப்புத் துணியோடு நிற்கும் என் அண்ணன்தான். மீன் கூட்டம் மேட்டில் நிற்பவனுக்குத்தான் தெரியும், தோணியில் இருப்பவனுக்குத் தெரியாது. கீரிமீன் வந்தால் தண்ணீர் ஓரிடத்தில் மேகத்தின் நிழல் விழுந்ததுபோலக் கறுக்கும். நிழல் காற்றோடு போகும், மீன் காற்றைப் பார்க்காது. அண்ணன் துணியைப் பக்கவாட்டில் வீசினால் தோணி வெளியே போகும். தலைக்குமேல் சுற்றினால் வலையை வளைத்துப் போடும். மேலும் கீழும் ஆட்டினால் கரைக்குத் திரும்பும். கயிறு பிடித்து நிற்கும் எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள்: "டேய், நீ மீனுக்குக் காட்டுறியோ, தேத்தண்ணி கொண்டு வாற உன்ர பொம்பிளைக்குக் காட்டுறியோ?" அண்ணன் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மீனுக்கெண்டாலும் சொல்லுக் கேக்குது, அவளுக்குக் கேக்குதில்லை" என்பான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யுத்தம் முதலில் வீதியால் வந்தது. பேருந்தை மறித்தார்கள், ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பிறகு கடலாலும் வந்தது. இந்தியாவிலிருந்து இயக்கப் பொடியன்கள் படகில் வந்து இறங்குகிறார்கள் என்று கடற்படையின் ரோந்துப் படகுகள் எங்கள் கரையை ஒட்டி ஓடத் தொடங்கின. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் கயிற்றை விட்டு மணலில் படுப்போம். "எழும்புங்கடா! வெடி அங்க, மீன் இஞ்ச" என்று சம்மாட்டி காலால் மணலை எங்கள்மேல் தள்ளுவார்.

அன்று காலை தோணி வலையோடு வெளியே நின்றது. ரோந்துப் படகு ஒன்று திரும்பி வந்து தோணியை நோக்கிச் சுட்டது. தோணிக்குள் எங்கள் ஆட்கள் குப்புற விழுந்தார்கள். கரையில் நின்ற நாங்கள் தென்னைகளுக்குள் ஓடினோம். அண்ணன் மட்டும் மேட்டைவிட்டு இறங்கவில்லை. "வாங்கோடா, கரைக்கு வாங்கோடா" என்று கத்திக்கொண்டு துணியை மேலும் கீழும் ஆட்டினான். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். படகிலிருந்து பார்த்தவர்களுக்கு, யாரோ ஒருவன் யாருக்கோ சைகை காட்டுகிறான். வலையை வெட்டிவிட்டுத் தோணி உயிரோடு கரை சேர்ந்தது. சற்று நேரத்தில் வீதியால் வந்த படையினர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடியவே அண்ணி கைக்குழந்தையோடு முகாம் வாசலில் நின்றாள். நானும் நின்றேன். தமிழ் தெரிந்த காவல்காரர் ஒருவர் வெளியே வந்தார்.

"உங்கட வலை முதலாளியைக் கூட்டிக்கொண்டு வாங்க. இவன் என்ர ஆள், மீனுக்குத்தான் துணி காட்டினவன் எண்டு அவர் பெரியவரிட்டச் சொன்னா விடுவினம். பின்னேரம் லொறி போகுது, அதுக்கு முதல் வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கரையில துணி ஆட்டக்கூடாதெண்டு போன கிழமையே அவரைக் கூப்பிட்டுச் சொன்னது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை.

நாங்கள் போனபோது சம்மாட்டி கதிரையில் இருந்தபடி, வெட்டிய வலைக்குப் பதில் புது வலைக்கு நூல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கேட்டாள்: "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா மேட்டில ஏறியிருப்பானோ? கை காட்ட ஆளில்லாமல் வளைச்சா என்ன படும்? சேறுதான் படும்."

"சரி, விடுங்கோ. இப்ப வாங்கோ. என்ர ஆள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்."

"எனக்கு ஏலாது பிள்ளை. நான் போனால் என்ர பேரையும் எழுதுவாங்கள், கரையையும் மூடுவாங்கள். வலை நிண்டால் எல்லாரும் பட்டினி. அவன் போனால் ஒரு வீடுதான்."

"அந்த ஒரு வீடு ஆரின்ர வீடு, சம்மாட்டி?"

அவர் நூலைப் பார்த்தபடியே, "குசினியில சோறு இருக்கு, பிள்ளைக்காரி, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அண்ணி படியில் காறித் துப்பிவிட்டு இறங்கினாள்.

பின்னேரம் லொறி போனது. தார்ப்பாய் கட்டியிருந்தது. யார் உள்ளே இருந்தார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அண்ணனை நாங்கள் காணவில்லை. கேட்ட முகாம்களில் எல்லாம் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

சம்மாட்டி தீபாவளிக்கு உடுப்பு எடுத்துத் தந்தார், கலியாண வீடுகளுக்கு அரிசி அனுப்பினார். மகன் சொல்வது பொய்யில்லை. அதையும் போடுங்கள். அவர் நல்லவர் என்று என்னால் எழுத ஏலாது. யுத்தத்தில் சுட்டவனை எனக்குத் தெரியாது, அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. இவருடைய முகத்தை ஒவ்வொரு காலையும் பார்த்தேன்.

இன்று காலை, தகப்பனை இழந்தவர்கள் முழுகும் நாளென்று, கடற்கரையில் சனம் நிறைந்திருந்தது. சம்மாட்டியின் மகன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கடலில் முழுகி எழும்பினார். என் அண்ணனின் மகன் கரையில் உடுத்த சாரம் நனையாமல் நின்றான். அன்றைய கைக்குழந்தை அவன். இப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. வருடா வருடம் வருவான், இறங்க மாட்டான். அண்ணி இன்னும் பொட்டு வைக்கிறாள். "செத்ததை ஆர் கண்டது? நீ முழுகினால் நான் அவரைக் கொன்றுபோட்ட மாதிரி" என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

எழுதி முடித்தது: ஆடி அமாவாசை, பின்னேரம்.