ஊர் விலைக்கு ஒரு சம்பளம்

மும்பையில் லிஃப்ட்டில் முதன்முறை பார்ப்பவர்கூட "பாடா கித்னா?" என்று கேட்டுவிடுவார். வாடகை எவ்வளவு என்று அர்த்தம். செம்பூரில் நாங்கள் குடிவந்த முதல் வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள்; அவர்களில் ஒருவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்டார். ஆனால் இத்தனை ஆண்டுகளில் இந்த நகரத்தில் ஒருவர்கூட என் சம்பளத்தைக் கேட்டதில்லை. எங்கள் சங்கரன்கோவிலில் நேர்மாறு. பேருந்திலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது சம்பளத்தைக் கேட்பார்கள். வாடகை என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தோன்றாது. அங்கே நான் பணக்காரி. இங்கே, மாதம் பிறந்ததும் கைக்கு வருவதில் ஏறக்குறைய பாதியை வாடகையாக வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் பள்ளிக் கட்டணத்தையும் மளிகையையும் சமாளிக்கும் இன்னொரு குடித்தனக்காரி.

என் வேலைக்கு நெட்வொர்க் ஆர்க்கிடெக்ட் என்று பெயர். ஒரு நிறுவனத்துக்கு நாடெங்கும் உள்ள கிளைகளின் கணினிகள் ஒன்றோடொன்று எந்த வழியில் பேச வேண்டும், ஒரு வழி அறுந்தால் எந்த வழியில் திரும்ப வேண்டும் என்று திட்டமிட்டு வரைவது. கணவர் கதிரேசன் தாராவியில் நாலு தையல் மெஷின் வைத்துப் பை தைத்துக் கொடுக்கிறார். அவருடைய அப்பா தலைமுறையிலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்துவிட்டார்கள். இவர் பிறந்ததே தாராவியில்தான்.

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்பது ஒன்று. விரும்பியவர்கள் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் சம்பளம் அந்த ஊரின் விலைவாசிக்கு ஏற்ப மாற்றப்படும் என்று அலுவலகத்திலிருந்து வந்த மெயில் மற்றது. எனக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்குக் காட்டினார்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் வைஷாலியிடம் கேட்டேன்: "நான் அங்கே உட்கார்ந்து வரைந்தால் நெட்வொர்க் சின்னதாகிவிடுமா?" அவள் மராத்திக்காரி, நல்லவள். நான் சொன்னதை மனதார யோசித்துவிட்டு, "அரே, டென்ஷன் மத் லே. உங்க ஊர் இன்டர்நெட் ஸ்பீடை நாங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்" என்று இந்தியில் தைரியம் சொன்னாள்.

அன்று மாலை தாராவிக்குப் போய்க் கதிரேசனிடம் ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டேன். பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தவில்லை.

"உனக்கு அது ஊரு அமுதா. எனக்கு அது லீவு. தாராவில எந்தக் கல்லியில எந்த ஜிப்பு கிடைக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அங்க போயி நான் யாருன்னு சொல்லுவேன்?" கல்லி என்றால் சந்து. அடுத்த பையை மெஷினில் வைத்துக்கொண்டே அவர், "ஒரு மாசம் இருந்து பாரு. பிள்ளைக்கும் லீவுதான" என்றார்.

மே மாதம் மகள் நிலாவோடு போனேன். அம்மா அப்பா இல்லை, அண்ணன் வீடு. அண்ணனுக்கு சிமென்ட் கடை. மாடியறையை எனக்காக வெள்ளையடித்து, மேசை போட்டு, புது இன்டர்நெட் இணைப்பும் வாங்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் மோடத்தைக் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நீ லைன் வேலைதான பாக்கே? எங்க வீட்ல நெட்டு சுத்திக்கிட்டே நிக்கி, என்னன்னு பாரு." பார்த்துக் கொடுத்தேன். வாரக் கடைசியில் மதினி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: "உனக்கு பம்பாய்ல வேலை போயிட்டாம். அதான் பிள்ளையோட வந்து இருக்கியாம். தெருவுல பேசிக்கிடுதாவ."

நானும் சிரித்தேன். மதினி காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எல்லாம் போக உனக்குன்னு கையில என்ன நிக்கும்?" மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். மும்பையில் ஒன்றும் நிற்காது. இங்கே குறைத்த சம்பளத்திலும் பாதி நிற்கும். அதைச் சொன்னபோது மதினி, "பெறவு என்ன யோசனை?" என்றாள்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. புதிய டேட்டா சென்டருக்கு நான் வரைந்த திட்டத்தை விளக்கும் கூட்டம். திரையில் பதினோரு பேர். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு அண்ணன் இரண்டு விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். "இவதான் என் தங்கச்சி. வீட்ல சும்மா இருக்கான்னு எவனோ சொன்னானாம். மாசம் ஒன் நைன்ட்டி தௌசண்டு வாங்குதா!" என் சம்பளத்தை அண்ணன் எப்போதும் இங்கிலீஷில்தான் சொல்வார். மைக் திறந்திருந்தது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்த எண் புரிந்திருக்கும். ஒருவர் அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் கீழே போய் அண்ணனிடம் கத்தினேன். "ஏன், அது என்ன கள்ளக்கடத்தலா? சம்பளந்தானளா!" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். இந்த ஊருக்கு வந்தால் குறையும் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்பம் அத வெளிய சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

திரும்ப மாடிக்கு வந்தபோது ரோஹனிடமிருந்து செய்தி வந்திருந்தது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. அதே பதவி, என்னைவிட இரண்டு வருடம் அனுபவம் குறைவு. "கூட்டத்தில் என் காதில் விழக் கூடாதது விழுந்துவிட்டது, மன்னித்துவிடு. ஆனால் அந்த எண் உண்மையென்றால் நீ வைஷாலியிடம் பேச வேண்டும். என்னுடையது இதைவிட மிக அதிகம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். இரண்டு முறை படித்தேன். யாரும் சம்பளத்தைக் கேட்காத அந்த நகரத்தின் நாகரிகத்தை இத்தனை ஆண்டுகள் மெச்சிக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தின் விலையைக் கட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

ஜூனில் மும்பை திரும்பியதும் வைஷாலியின் அறைக்குப் போனேன். ஊருக்குப் போகும் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வந்ததாகவே அவள் நினைத்து, சங்கரன்கோவிலின் கணக்கைத் திறந்தாள். "இங்கேயே இருக்கிறேன். என் நாற்காலிக்கு என்ன விலையோ அதைக் கொடு" என்றேன். ரோஹன் பெயரைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவள், "நான் எழுதி மேலே அனுப்புகிறேன்" என்றாள். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கேட்டதில் பாதி கிடைத்தது. மீதிக்கு இந்த ஆண்டும் அந்த அறைக்குப் போவேன்.

கூடிய சம்பளத்திலும் செம்பூரில் இன்னொரு வீடு கட்டுப்படியாகவில்லை. தொலைதூரப் புறநகரான அம்பர்நாத் வரை தேடிவிட்டு, கடைசியில் கழிமுகத்தைத் தாண்டி சான்பாடாவில் ஒரு படுக்கையறை வீடு பார்த்தோம். கதிரேசன் இப்போது குர்லாவில் ரயில் மாறித் தாராவிக்குப் போகிறார். ஒருநாள்கூட முனகியதில்லை. முதல் மாதம் எல்லாம் போகக் கையில் கொஞ்சம் நின்றது. அதை மதினியிடம் போனில் சொன்னேன். "இம்புட்டுதானா?" என்று கேட்டுவிட்டு, "நின்னுச்சுல்லா, போதும்" என்றாள். அந்த மாடியறையை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்களாம்.

குடிபோவதற்கு முன், வாடகை ஒப்பந்தம் பதிய ஓர் ஏஜென்ட் மடிக்கணினியோடும் கைரேகைக் கருவியோடும் வீட்டுக்கே வந்தார். நிரந்தர முகவரி கேட்டார். சொன்னேன்.

"சங்கரன்... க்யா?"

"கோவில்."

"கோவில் மத்லப்?" அர்த்தம் கேட்டார்.

"மந்திர்" என்றாள் நிலா, எனக்கு முன்பாகவே.

அவர் முகம் தெளிந்து, தலையாட்டிக்கொண்டே மளமளவென்று தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டியபோது பார்த்தேன். அண்ணன் வீட்டுக் கதவு எண் சரியாக இருந்தது. தெருப்பெயரும் சரி. அதற்குக் கீழே, ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சங்கர் கோயிலுக்கு அருகில், மும்பை என்று இருந்தது. திருத்தம் ஏதும் உண்டா என்று அவர் காத்திருந்தார். கட்டைவிரலைக் கருவிக்கு மேலே பிடித்தபடி அந்த வரியை இன்னொரு முறை, மெதுவாக, வாய்விட்டுப் படித்தேன்.