விழ வேண்டிய சுவர்

சங்கமித்ராவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில், கோலார் தங்கவயலில் வேலைக்கு ரயிலேறிய பிறகும் வீட்டுக்குப் போன் போடுவாள். பெங்களூர் தொம்மலூரில் கட்டட வரைபடம் போடும் எங்கள் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்து நாற்காலி. கடற்கரை வீடுகளைச் சுனாமி தாங்கும்படி வரைவது அவள் வேலை. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து அலைக்கு நடுங்குகிறாயே என்று கிண்டல் செய்வேன்.

அந்த வீடுகளில் குடும்பம் மாடியில் இருக்கும், கீழே தூண்கள். தூண்களுக்கு நடுவே சுவர் வேண்டுமென்றால், அது தூணோடு ஒட்டாமல் தனியே நிற்க வேண்டும். அலை வந்தால் சுவர் விழுந்து தண்ணீருக்கு வழிவிடும். விழாவிட்டால் அலையின் மொத்த வேகமும் தூண்களில் இறங்கி, மாடியில் இருப்பவர்களோடு வீடே சாய்ந்துவிடும்.

போன மாதம் ஆரோக்கியசாமி என்பவர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். பெங்களூரில் ரிடையராகி, வேளாங்கண்ணிப் பக்கம் எங்கள் வரைபடப்படி வீடு கட்டிக் குடிபோனவர். மாடியில் பேரப்பிள்ளைகள் விளையாடும் படம் ஒன்று. கட்டும்போது எடுத்தது இன்னொன்று. அதில் கீழ்ச்சுவரிலிருந்து கம்பிகள் தூணுக்குள் போயிருந்தன. சங்கமித்ரா பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் மேஸ்திரியைத் திட்டினாள். பிறகு வரைபடங்களைத் திறந்து பார்த்தாள். சுவர்ப் படத்தில் இடைவெளி சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசித் தாளின் பொதுக் குறிப்புகளில், எல்லாச் சுவர்களையும் இரண்டடிக்கு ஒரு கம்பி போட்டுத் தூணோடு பிணைக்கவும் என்று இருந்தது. பெங்களூர் அபார்ட்மென்ட்டுகளுக்கு எழுதிய தாள் அது. எங்கள் ஆபீசில் எல்லோரும் செய்வதுபோல அவளும் அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தாள். மேஸ்திரி, பாவம், தாளில் இருந்ததைச் செய்திருக்கிறார்.

முதலாளியிடம் கேட்டுவிட்டு அவருக்குச் சொல், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், கீழ் சொவுத்த ஒடச்சிடுங்க. தப்பு என்னுது. அது கெட்டியா நின்னுச்சுன்னா, அலை வரும்போது வூடே போயிடும்."

அவர் கோபப்படாமல் கேட்டார்.

"ஒடச்சிட்றேம்மா. இதே தாள வேற எத்தன வூட்டுக்குக் குடுத்திருக்கீங்க?"

சங்கமித்ரா பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை நாற்பத்தோரு வீடுகள். எல்லாவற்றிலும் அதே கடைசித் தாள் இருந்தது. முதல் வீட்டின் நம்பரை அழுத்தினாள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது.