நாத்தனார் வேனின் அலமாரி

அவள் பார்லர் வைத்திருந்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு முடி வெட்டுவது அவள்தான். கைராசிக்காரி என்று பெயர். ஆனால் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் கைராசி என்றால் அது நாத்தனார்தான். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் தானே மரம் அறுத்து, உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகிற தன் வேனுக்குள் அலமாரிகள் செய்திருந்தாள். யார் வீட்டில் என்ன பேச்சு தொடங்கினாலும் கடைசியில் அந்த அலமாரியில் வந்து நிற்கும். இவளுக்கு வயிறு எரியும்.

இவள் கணவனுக்கும் ஆசை வந்து ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிவிட்டான்.

"அலமாரிய விடு, அக்காகிட்ட சொன்னா செஞ்சு குடுத்துடுவா."

"ஏன், எனக்குக் கை இல்லயா?"

"ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியுமா உனக்கு?"

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது. ப்ளைவுட் வாங்கினாள், டிரில்லிங் மெஷின் வாங்கினாள். துணி காயப்போடும் இடமெல்லாம் மரத்தூள். ஒருவழியாக ஒரு அலமாரி நின்றது. வெள்ளோட்டம் போனபோது முதல் வேகத்தடையிலேயே அது தட்டு டம்ளரோடு பெயர்ந்து விழுந்தது. கணவன் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்துவிட்டு, அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அவள் சிரித்தது இவள் காதுவரை கேட்டது.

மறுநாள் குக்கர் இரவல் கேட்கிற சாக்கில் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் டீ போட உள்ளே போன நேரம் பார்த்து வேனுக்குள் நுழைந்தாள். ஸ்க்ரூ எல்லாம் வெறும் தகரத்தில் இல்லை, உள்ளே ஓடுகிற இரும்புச் சட்டத்தில் இறங்கியிருந்தது. அதைப் பார்த்து முகம் சுண்டிப்போனது. ஆனால் வளைந்த வேன் சுவருக்கும் நேரான பலகைக்கும் நடுவே ஒரு பெரிய இடுக்கு. அதில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்திருந்தாள் நாத்தனார். இவளுக்கு ரொம்ப நாள் கழித்து வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். வேன் சுவரில் அட்டையை வைத்துப் பார்ப்பாள், முட்டுகிற இடத்தைக் கொஞ்சம் கத்தரிப்பாள், திரும்ப வைப்பாள். நெற்றி முடியைச் சமன்செய்வதுபோலத்தான். அட்டை சுவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு அதைப் பலகையில் வைத்து வரைந்து அறுத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சட்டத்தில் முடுக்கினாள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சீப்பின் பல்கூட நுழையவில்லை.

இரண்டு குடும்பமும் ஏரிக்கரைக்கு வேன்களில் போனார்கள். நாத்தனார் இவர்கள் வேனுக்குள் ஏறி, பலகை ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"யாரு செஞ்சு குடுத்தது?"

"இவதான்கா," என்றான் தம்பி.

"ம். பரவாயில்ல," என்று இறங்கிப் போனாள்.

விடிந்ததும் இவள் முகம் கழுவிவிட்டு வந்தால், நாத்தனார் உள்ளே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.

"இடுக்கே விழாம எப்படி அறுத்த?"

"கண்ணளவுதான் அண்ணி," என்றாள் இவள், கூசாமல்.

நாத்தனார் அதை நம்பினாள். ஊர் திரும்பியதும் தன் அலமாரிகளைக் கழற்றி, கண்ணளவில் புதுசாக அறுக்கத் தொடங்கினாள். பலகை பலகையாக வீணானது. "அக்கா சரியாச் சாப்பிடறதில்லயாம், வேன்லயே கெடக்கறாளாம்," என்று கணவன் வந்து சொன்னபோது முதலில் இனித்தது. அடுத்த முறை சொன்னபோது அவ்வளவாக இனிக்கவில்லை. கத்தரிக்கோலும் அட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணளவுன்னு சொன்னது பொய் அண்ணி. இதான் விஷயம்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று இவள் நினைத்தாள். "குடு இப்படி," என்று நாத்தனார் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். இவளுக்கு ஒரு நாள் பிடித்த வளைவை நாலே வெட்டில் எடுத்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் இவள் கணவனிடம் சொன்னாள்:

"நம்ம வேனுக்கு ஒரு மடக்கு மேசை செய்யணும். அண்ணிகிட்ட மூச்சு விடாதீங்க."